முத்துச் சலாபமும் கடற்காவலும்

நிலத்தை ஆள்வோர் எல்லைக்கல் நாட்டுவர், வேலி அடைப்பர், விளைவை அளந்து இறை கொள்வர். கடலுக்குக் கல்லுமில்லை, வேலியுமில்லை. அதன் அடியில் விளையும் பொருளைக் கரையில் நிற்போர் கண்ணாற் காணவும் இயலாது. இத்தகைய கடலின்மீது அரசொன்று எவ்வாறு உரிமை கொள்ளலாம்? கொண்ட உரிமையை எக்காரணங் காட்டி நிலைநாட்டலாம்? உரிமை கொண்டபின் அதனிடத்து வாழும் உயிர்களைக் காக்கும் கடமை எத்துணை? இவ்வினாக்களை இக்காலத்துச் சர்வதேச மகாநாடுகளுக்கே உரியனவாகக் கருதுவோர் பலர். ஆயின், ஈழத்தின் வடமேற்குக் கரையிலே இவை பல நூற்றாண்டுகளாக எழுந்தும் விடை பெற்றும் வந்திருக்கின்றன. மன்னார்க் குடாக்கடலில் நடைபெற்ற முத்துச் சலாபத்தின் வரலாறே இதற்குச் சான்று. அவ்வரலாற்றை நோக்கி, அது இன்றைய கடற்றொழிற் சட்டங்களுக்குக் கூறும் பாடம் யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, கடலினுள் ஐந்து முதற் பத்துப் பாகம்வரை ஆழமுள்ள இடங்களிற் கடினமான அடிநிலங்கள் உள்ளன. இவற்றைக் கடலோடிகள் 'பார்' என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் சில. முத்துச் சிப்பியின் குஞ்சு நீரில் மிதந்து திரிந்து, பின்னர் இப்பாரிலே மெல்லிய நார்களாற் பற்றிக்கொண்டு வளரும். அதன் ஆயுள் ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகளே. நான்காம் ஆண்டுக்கு முன்னர் எடுப்பின் முத்துச் சிறிதாயிருக்கும். ஏழாம் ஆண்டுவரை விட்டுவைப்பின் சிப்பி இறந்து, முத்தும் மணலோடு மணலாகும். ஆகவே, எடுக்கத் தகுந்த காலம் இரண்டு மூன்று ஆண்டுகளுள் அடங்கிவிடும். சலாப ஒழுங்குகள் யாவும் இவ்வியற்கை விதியையே அடிப்படையாகக் கொண்டன என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பண்டைக்காலத்திற் குடாக்கடலின் எதிர்க்கரையிற் கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கியதை யாவரும் அறிவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போர் தாம் எடுத்தவற்றிற் பத்தில் ஒன்றை அரசனுக்கும், இருபதில் ஒன்றைச் சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கும் கொடுத்ததாகக் கூறுகின்றார். 1344இல் ஈழத்துக்கு வந்த இபன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவனிடத்துச் சலாபத்தில் எடுத்த முத்துக்கள் குவிந்திருந்ததை எழுதியுள்ளார். இச்செய்திகளிலிருந்து அக்காலத்து அரசு கடலிடத்துக் கொண்ட தொடர்பு ஒருவாறு புலப்படும். அரசன் தன் பங்கைப் பெற்றான். குளிப்போர் தம் பங்கைப் பெற்றனர். கடலின் ஆபத்தை மந்திரத்தாற் கட்டியவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. 'கடல்கட்டி' எனப்பட்ட இவர்கள் ஆங்கிலேயர் காலத்திலும் சலாபத்திற் பணியாற்றினர் என்பது, இத்தொழிலின் மரபு எத்துணை நீண்டது என்பதைக் காட்டும்.

1560இற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் வணிகர், ஆதலின், இலாப நட்டத்தைக் கணக்கிட்டே சலாபத்தை நடத்தினர். பார்களை முன்கூட்டிப் பார்வையிட்டு, சிப்பி முதிர்ந்ததெனக் கண்டால் மட்டும் குளிப்புக்கு அறிவித்தல் அவர் காலத்தில் வழக்கமாயிற்று. எனினும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆர்க்காட்டு நவாப்புக்கும் ஒல்லாந்தருக்கும் சலாப உரிமை பற்றிப் பிணக்கு மூண்டது. அதன் விளைவாக 1768இன் பின் 1796வரை ஈழத்துப் பார்களிற் சலாபம் நடைபெறவில்லை. இரு வல்லரசுகள் வழக்காடிய அக்காலத்திற் கடல் ஓய்வு பெற்றது எனலாம்.

1796இல் ஈழத்தின் கரைநாடுகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், நெடுநாள் தீண்டப்படாதிருந்த பார்களைக் கண்டு பெருமகிழ்வு எய்தினர். சலாபத்தைப் பருவத்துக்குப் பருவம் குத்தகைக்கு விட்டனர். குத்தகைக்காரன் அடுத்த ஆண்டைப்பற்றி ஏன் எண்ணவேண்டும்? தான் கொடுத்த பணத்தை அவ்வாண்டிலேயே மீட்டுவிடுதல் அவன் நோக்கம். 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்துச் சலாபம் நடந்தது. புதிய அரசின் கருவூலம் நிறைந்தது; பார்களோ வறிதாயின. 1798இல் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியாக வந்த பிரெடரிக் நோர்த், சலாபத்தைப் பார்வையிடுதற்பொருட்டு அரிப்புக் கடற்கரையில் எழுப்பிய மாளிகை இன்று இடிந்து, கடலரிப்பிற்கு இரையாகி நிற்கின்றது. அரசின் வருவாய்க் கனவுக்கு அவ்விடிபாடு ஓர் அடையாளமாகும்.

வறிதான பார்களைக் காத்தற்கு அரசு சட்டத்தின் துணையை நாடியது. 1811ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க ஒழுங்குவிதி இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. தை மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டிய நாள் முதற் சித்திரை முடிவுவரை, பார்கள் உள்ள ஆழங்களிலே தக்க காரணமின்றி நங்கூரமிட்டோ சுற்றித்திரிந்தோ காணப்படும் படகு பறிமுதலாகும் என அது விதித்தது. இதன் உட்பொருள் ஆழமானது. அக்காலத்து நாடுகள் கரையிலிருந்து மூன்று கடல்மைலளவையே தம் கடலெனக் கொள்ளத் தலைப்பட்டிருந்தன. மன்னார்ப் பார்களோ அவ்வெல்லையைக் கடந்தும் பரந்திருந்தன. அங்ஙனமாயின், எல்லைக்கு அப்பாலுள்ள கடலடியில் ஆங்கில அரசு படகைப் பறித்தற்கு உரிமை யாது?

இவ்வினா ஐரோப்பிய சட்ட அறிஞரிடையே பெரிதும் ஆராயப்பட்டது. கடல் எவர்க்கும் பொது என 1609இல் வெளிவந்த நூலில் வாதித்தவர் ஒல்லாந்தராகிய குரோசியசு. ஆயின், 1758இல் எழுதிய சுவிற்சர்லாந்து அறிஞர் வட்டெல், பாரசீக வளைகுடாவின் பஃரெயின், இலங்கை ஆகிய இடங்களின் முத்துப் பார்கள் தனியுடைமையாதல் கூடும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்றார். மிதந்து செல்லும் மீனை ஒருவர் பிடிப்பதனால் மற்றவர்க்குக் குறைவு தோன்றாது என அக்காலத்தார் எண்ணினர். ஓரிடத்தே பற்றி வளரும் சிப்பியோ அத்தகையதன்று. காப்போர் இல்லையேல் அழிந்துபோகும். 1893இற் பாரிசு நகரிற் கூடிய நடுவர் மன்றத்தில் இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. பேரிங் கடலின் கடல்நாய்களைக் காத்தற்குத் தன் எல்லைக்கு அப்பாலும் அதிகாரம் உண்டென வாதித்த அமெரிக்கா, இலங்கை முத்துப் பார்கள்பற்றிய ஆங்கிலச் சட்டத்தையே மேற்கோளாக எடுத்து ஆங்கிலேயர்மீது திருப்பியது. மன்றம் அமெரிக்காவின் உரிமை வாதத்தை ஏற்கவில்லை. எனினும், அவ்வுயிர்களைக் காத்தற்கு இரு நாட்டாரும் பின்பற்றவேண்டிய ஒழுங்குகளை விதித்தது. மன்னார்க் கரையின் ஒரு சிறு விதி உலக வழக்கொன்றிற் சான்றாய் நின்றது நம் வரலாற்றில் மறக்கத்தக்கதன்று.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சலாபம் நடைபெற்ற முறையை நோக்குவாம். பார்களைப் பார்வையிடுதற்கென அரசு ஒரு பரிசோதகரை நியமித்திருந்தது. கடலடியின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த 'அடப்பனார்' எனப்பட்டோர் அவர்க்கு வழிகாட்டினர். பார்களிற் சிப்பி எடுத்து, வயதும் செறிவும் கணித்து, மாதிரிச் சிப்பிகளின் முத்துக்களை வணிகரைக்கொண்டு மதிப்பிட்ட பின்னரே சலாபம் நடத்துவதா இல்லையா என்பது தீர்மானிக்கப்பட்டது. இளஞ்சிப்பியாயின் பார் மூடப்பட்டது. முதிர்ந்ததாயின், எந்தப் பாரில், எத்தனை படகுகள், எத்தனை நாட்கள் என்று விளம்பரம் வெளியாயிற்று. பங்குனி மாதத்தை அடுத்த அமைதியான நாட்களில், கீழக்கரை முதலிய எதிர்க்கரை ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், பிற்காலத்தில் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போர் வந்து குழுமினர். மணல்வெளியிற் பல்லாயிரம் மக்கள் கூடிய ஓலைக்கொட்டில் நகரம் சில நாட்களுள் எழுந்து, சில வாரங்களுள் மறைந்தது.

கரைக்காற்றோடு இரவிற் புறப்பட்ட படகுகள் காலையிற் குளிப்புத் தொடங்கி, நண்பகலில் அடையாளம் கேட்டதும் நிறுத்திக் கடற்காற்றோடு மீண்டன. கொண்டுவந்த சிப்பி யாவும் 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்பினுள் மூன்று கூறாக்கப்பட்டன. இரு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளித்தோர்க்கு. அரசின் கூறு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. காலில் கட்டிய கல்லின் பாரத்தால் மூழ்கி, மூச்சடக்கி, உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒன்றும், கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டும் என்பது நீதியாகுமா என நாம் வினவலாம். மார்க்கோ போலோ காலத்து அரசன் பத்தில் ஒன்றே பெற்றான். அரசின் பங்கு இவ்வாறு பெருகியதற்கு, பாரைக் காப்பது அரசே என்ற எண்ணமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. காவலே உரிமைக்கு ஆதாரம் என்ற இக்கொள்கை நம் கவனத்துக்குரியது.

ஆயின், அக்காவல் எத்துணைப் பயன் தந்தது? 1837 முதல் 1854வரை சலாபமே இல்லை. 1864 முதற் பத்தாண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1891இல் நடந்த வளமான சலாபத்தின்பின் மீண்டும் பதினோராண்டுகள் பார்கள் வெறுமையாய்க் கிடந்தன. இதன் காரணத்தை அறிய 1857இல் அரசு மருத்துவரும் விலங்கியலாளருமான கெலாட் என்பாரை நியமித்தது. இலங்கையிற் பிறந்த இவர், சிப்பி தன் பற்றுநார்களை அறுத்துக்கொண்டு இடம்பெயர வல்லது என்பதை ஆராய்ந்து காட்டினார். அவர் 1860இற் காலமானதும் ஆராய்ச்சி நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 1902இல் லிவர்ப்பூற் பேராசிரியர் ஹேட்மன், ஜேம்சு ஹோர்ணெல் என்பாரைத் துணையாகக் கொண்டு இங்கு வந்தார். அவர்தம் ஆராய்ச்சி 1903 முதல் 1906வரை றோயல் சங்கத்தின் ஆதரவில் ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

பெரிய பாரிலே ஆண்டுதோறும் கணக்கற்ற இளஞ்சிப்பிகள் தோன்றுவதும், தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் அவற்றை மணலால் மூடியோ வாரியோ அழிப்பதும் ஹேட்மன் கண்ட உண்மை. திருக்கையும் கிளாத்தியும் நட்சத்திரமீனும் எஞ்சியவற்றை உண்டன. ஆகவே, நெருக்கமாய்க் கிடக்கும் இளஞ்சிப்பியை வாரிப் பாதுகாப்பான பார்களில் இடுதல், சிப்பி பற்றுவதற்குக் கற்களைப் பரப்புதல் ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார். கடலை வேட்டைக்களமாக மட்டுங் கொள்ளாது, வயலாகவும் பேணுதல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்நற்போதனை விளைத்த பயன் யாது? 1903இற் சலாபம் மீண்டும் தொடங்கியது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருவாய் கிடைத்தது. இவ்வளவு வருவாயைக் கண்ட அரசு, அதனை உறுதியாக்கிக்கொள்ள விழைந்தது. 1906இல் இலங்கை முத்துக் குளிப்போர் கம்பனி என்னும் ஆங்கிலக் கூட்டுநிறுவனத்துக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வாடகையில், இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகையாகக் கொடுத்தது. 1907ஆம் ஆண்டுச் சலாபத்தோடு சிப்பி அருகியது. கம்பனி சில ஆண்டுகளிற் கலைந்தது. ஐந்து ஆண்டுகள் இடைவிடாது எடுத்தமையே காரணம் என்றனர் சிலர். கடலின் இயல்பே காரணம் என்றனர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருத்தல் கூடும். ஒன்று மட்டும் தெளிவு. சிப்பியின் விளைவு ஆண்டுக்காண்டு மாறுவது, வாடகையோ மாறாதது. மாறாத வாடகையை மாறும் கடல்மீது சுமத்தியவர், கடல் தரும் காலத்தில் முழுவதையும் எடுத்துவிட வேண்டிய நிலைக்குத் தம்மை ஆளாக்கிக்கொண்டனர். 1796இன் குத்தகைக்காரன் ஓராண்டிற் செய்ததை, 1906இன் குத்தகை இருபதாண்டு ஒப்பந்தமாக எழுதிக்கொண்டது. ஐந்து தொகுதி விஞ்ஞானம் அருகிலிருந்தும், முடிவைத் தீர்மானித்தது வருவாய்க் கணக்கே.

அதன்பின் சலாபம் பழைய நிலையை அடைந்திலது. 1925இல் முத்துச் சலாபக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிற் சலாபம் ஒன்றும் நடந்தது. அதற்குள் யப்பானில் மிக்கிமோத்தோ முதலியோர் வளர்த்த முத்து உலகச் சந்தையை நிறைக்கத் தொடங்கிற்று. சலாபத்தின் வருவாய் குறைந்ததும், அரசின் கண் பார்களை விட்டு அகன்றது.

எனினும், முத்துப் பார்கள் கற்பித்த சட்டநெறி அழியவில்லை. 1890இற் சங்குக் குளிப்புக்குக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1903இல் இராமநாதபுரத்துச் சங்குப் படுகை பற்றிய வழக்கில், பாக்கு விரிகுடா ஆங்கில ஆட்சிக்குட்பட்ட கடலே எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1921இற் கொழும்பிற் கூடிய சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகள் மீன்பிடி எல்லைக்கோடு ஒன்றை வகுத்தனர். 1958இல் ஜெனீவாவில் எழுந்த கண்டமேடை பற்றிய உடன்படிக்கை, கடலடியோடு ஒட்டி வாழும் உயிர்கள் கரைநாட்டுக்கே உரியன என விதித்தது. 1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இந்திய, இலங்கைக் கடலெல்லையை வரையறுத்தன. 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை 12 கடல்மைல் ஆள்புலக் கடலையும் 200 கடல்மைல் பொருளாதார வலயத்தையும் தனதெனக் கொண்டது. 1811இல் ஐயத்துக்கிடமாயிருந்த உரிமை, நூற்றறுபத்தைந்து ஆண்டுகளுள் ஐயமற்றதாயிற்று.

கடல் எவர்க்கு உரியது என்ற வினா இவ்வாறு தீர்ந்தது. அதனைக் காப்போர் எவர் என்ற வினா தீர்ந்ததா? 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் முன்னைய மீன்பிடி, சங்கு, முத்துச் சட்டங்களை நீக்கி, அவற்றை ஒரே சட்டத்துள் அடக்கியது. அனுமதிப்பத்திரம், வெடிவைத்து மீன்பிடித்தலுக்குத் தடை, மீன்பிடி நிறுத்தப்படும் காலம், காப்பிடங்கள், தொழிலாளர் அங்கம் பெறும் குழுக்கள் என்பன அதன் உறுப்புக்கள். வருவாயைக் கருதிய பழைய சட்டங்களுக்கும் காவலைக் கருதும் இச்சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், கடலடியை வாரிச்செல்லும் இழுவை மடித் தொழிலை முற்றாகத் தடை செய்தது.

இழுவை மடியின் தீமையை முத்துச் சலாப வரலாறு அறிந்தோர் எளிதில் உணர்வர். குளிப்போன் சிப்பியைக் கையாற் பொறுக்கினான். பார் அவ்விடத்தே இருந்தது. இழுவை மடியோ மீனோடு இளங்குஞ்சையும், கடற்புல்லையும், பாரில் ஒட்டிய உயிர்களையும் வாரி, அடிநிலத்தையே குலைக்கின்றது. இரு கரையிலும் சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இழுவைப் படகுகளைக் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்கு அப்பால் நிறுத்தியது. ஆண்டுதோறும் மீன்பிடி நிறுத்தக் காலமும் அங்கு உண்டு. குடாக்கடலின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2016 நவம்பரில் இரு அரசுகளும் இழுவை மடித் தொழிலை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருதல் வேண்டும் என உடன்பட்டன. ஆயினும், எல்லை தாண்டிய இழுவைப் படகு, அறுந்த வலை, கைதாகும் தொழிலாளர் என்னும் துயரம் தொடர்ந்தது. வலையிழந்த மன்னார், யாழ்ப்பாணத் தொழிலாளரும், சிறைப்பட்ட எதிர்க்கரைத் தொழிலாளரும் ஒரே மொழி பேசுவோர். ஒருகாலத்தில் ஒரே பாரில், ஒரே அடையாளம் கேட்டுக் குளித்தோரின் வழிவந்தோர். எல்லைக்கோட்டால் மட்டும் இத்துயரம் தீராது. கடலடியைக் காக்கும் ஒழுங்கு இரு பக்கத்துக்கும் பொதுவாதல் வேண்டும்.

சலாப வரலாறு நமக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, கண்டறிந்த பின்னரே எடுத்தல் வேண்டும். எழுத்தறியாத அடப்பனாரின் அறிவையும் விலங்கியலாளரின் அறிவையும் ஒருங்கு கொண்டு பாரைப் பார்வையிட்டபின் சலாபம் அறிவித்த பழைய முறை, இக்காலத்து எந்த மீன்பிடி ஒழுங்குக்கும் முன்மாதிரியாகும். இரண்டாவது, கடலின் விளைவை மாறாத இறைப்பொருளாக எதிர்பார்க்கும் அரசு, தன் பொருளைத் தானே அழிக்கும். மூன்றாவது, அரசு கடல்மீது கொண்ட உரிமை காவலிலிருந்தே பிறந்தது. வட்டெல் முதல் ஜெனீவா உடன்படிக்கைவரை அறிஞர் அவ்வுரிமையை ஏற்றமைக்கு, ஓரிடத்து உயிர்க்கு ஒரு காவலன் தேவை என்பதும் ஒரு காரணமாகும். காவலைக் கைவிட்டு உரிமையை மட்டும் வைத்துக்கொள்ளும் அரசு, தன் உரிமையின் வேரைத் தானே அறுப்பதாகும்.

முத்துக்குப் பெயர்பெற்ற கடல் இன்று முத்தின்றிக் கிடப்பினும், மீனும் இறாலும் சங்கும் கடலட்டையும் அதனை நம்பி வாழும் பல்லாயிரம் குடும்பங்களும் அங்கு உள. அவர்தம் வாழ்வு சட்டத்தின் எழுத்தில் மட்டும் தங்கியதன்று. சட்டம் எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்த அதிகாரியும், தொழிலாளியும், கற்றோரும் ஒருங்கு நின்று அதனை நடத்தும்போதே கடல் காக்கப்படும். நம் மாணவரிற் பலர் நாளை அதிகாரிகளாகவும், சட்டவறிஞராகவும், விஞ்ஞானிகளாகவும் கடமையாற்றப் போகின்றனர். மன்னார்க் கடலின் பழைய கணக்கேடுகளை அவர்கள் ஒருமுறையேனும் புரட்டிப் பார்ப்பாராக. எடுத்தவற்றின் கணக்கு அங்கே நிறைய உண்டு. காத்தவற்றின் கணக்கை எழுதும் பொறுப்பு இனி அவர்களுடையது.